ஆறு தோட்டாக்களும் ஒரு தூக்குக் கயிறும்

தஞ்சைக் கீழவாசல் மேட்டின் மீது கிடக்கும் பெரும் பீரங்கியைக் காணாத தஞ்சைக்காரர் மிகக் குறைவு. இரகுநாத நாயக்கர் காலத்தில், நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அவற்றின் மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சி அடித்துப் பொருத்திச் செய்த கருவி அது. எடை ஏறத்தாழ 22 டன். படைக்கருவிகளின் வரலாறு என்றால் இத்தகைய பெரும் பொருள்களே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் முன் நின்று வியக்கிறோம். நம் குழந்தைகளுக்கும் காட்டுகிறோம்.

ஆனால், தஞ்சை மண்ணிலே பிறந்த ஒரு மனிதரின் வாழ்வை முடித்துவைத்த கருவி ஒருவரின் இடுப்பில் அடங்கக்கூடியது. அதற்குரிய தோட்டாக்கள் ஆறே ஆறு. அக்கருவியிலிருந்து அவர் யாரையும் சுட்டார் என்பது வழக்கன்று. அது அவரிடம் இருந்தது என்பதே வழக்கு. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். பெயர் கணபதி, ஊர் பட்டுக்கோட்டை வட்டத்துத் தம்பிக்கோட்டை.

அதிராம்பட்டினத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையே, காவிரியின் கடைமடையிலே அமைந்த ஊர் தம்பிக்கோட்டை. அதிரையும் முத்துப்பேட்டையும் கூத்தாநல்லூரும் நாகூரும் எத்தனை சபுராளிகளை மலாயாவுக்கு அனுப்பிவைத்தன என்பதை நம் இல்லங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி, பினாங்கில் இறங்கி, கடைவைத்துப் பிழைத்தவர்கள் நம் பாட்டனார்கள். அதே கடல்வழியில் இரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். ஆதலால் இக்கதை நமக்கு அயலார் கதையன்று. எனினும் கணபதியின் கதையை முழுமையாக அறிய வேண்டுமானால், முதலில் அக்கருவியின் கதையை அறிதல் வேண்டும்.

சுழலும் உருளை

ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கிக்கு 1836ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் சாமுவேல் கோல்ட். அதற்கு முன் கைத்துப்பாக்கி என்பது பெரும்பாலும் ஒருமுறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டிய கருவியாகவே இருந்தது. எதிரி அதற்குள் வந்து சேர்ந்துவிடுவான். கோல்ட் கண்ட வழி எளியது. குழல் ஒன்று, அதன் பின்னே பல அறைகள் கொண்ட உருளை ஒன்று. ஒவ்வொரு முறையும் உருளை ஓர் அறை அளவு திரும்பி, அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும்.

ஆங்கிலேயப் படை 1887இல் வெப்லி நிறுவனத்தின் சுழல் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. பர்மிங்காம் நகரில் உருவான அக்கருவி படிப்படியாகத் திருத்தப்பட்டு, முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில் ஆறாம் மாதிரியாக வெளிவந்தது. குழலின் நீளம் 6 அங்குலம், வாயின் அளவு.455 அங்குலம், எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். போர் முடிவதற்குள் ஏறத்தாழ மூன்று இலட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டன.

இதன் சிறப்பு, அது இடுப்பொடிந்து திறக்கும் முறையிலே உள்ளது. கட்டைவிரலால் பக்கத்திலுள்ள நெம்பியை அழுத்தினால், குழலும் உருளையும் முன்பக்கமாகக் கீழே மடியும். மடியும்போதே உருளையின் நடுவிலிருந்து விண்மீன் வடிவத் தகடு ஒன்று எழும்பி, ஆறு வெற்றுத் தோட்டாக்களையும் ஒருசேர வெளியே தள்ளிவிடும். புதிய ஆறு தோட்டாக்களை இட்டு மூடினால் கருவி மீண்டும் ஆயத்தம். தோட்டா ஒன்று வெடிக்காமற் போனால் அஞ்ச வேண்டியதில்லை. விசையை மறுபடி இழுத்தால் உருளை திரும்பி அடுத்த தோட்டா முன்வரும். சேறும் மணலும் நிறைந்த அகழிகளிலே படைவீரர் இதனை விரும்பியதன் காரணம் இதுவே. பிடியின் அடியில் ஒரு வளையம் உண்டு. அதிலே கயிற்றைக் கோத்துக் கழுத்திலோ தோளிலோ மாட்டிக்கொண்டால், கைதவறினாலும் துப்பாக்கி தரையில் விழாது.

அப்போருக்குப் பின் அதிகாரிகள் வேறுவிதமாக எண்ணத் தொடங்கினர். .455 தோட்டாவின் உதைப்பு மிகுதி. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பழகுவதற்கு நாளாகிறது. எனவே சிறிய .38 அளவிலே ஒரு துப்பாக்கி வேண்டும் என்று முடிவு செய்து, 1932இல் என்ஃபீல்டு இரண்டாம் எண் துப்பாக்கியை ஏற்றனர். இதன் எடை முக்கால் கிலோ அளவே. உடன் வந்த வெப்லியின் .38 நான்காம் மாதிரியும் இரண்டாம் உலகப்போரில் பெருமளவில் பயன்பட்டது.

இத்தோட்டாவின் வரலாற்றில் நம் நாட்டின் பெயரும் கலந்துள்ளது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில், உடலுள் புகுந்ததும் விரிந்து சிதைக்கும் துப்பாக்கிக் குண்டுகளை ஆங்கிலேயர் செய்தனர். 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என விலக்கியது. .38 துப்பாக்கிக்கு முதலில் இட்ட 13 கிராம் எடையுள்ள வெறும் ஈயக் குண்டு இவ்விதியை மீறுவதாகக் கருதப்படலாம் என்ற ஐயம் பின்னர் எழவே, போருக்கு முன்பு அதை மாற்றி உலோக உறையிட்ட குண்டைக் கொண்டுவந்தனர். கொல்லும் கருவிக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்று உலகம் எண்ணியதற்கு இது சான்று.

1938இல் மற்றொரு மாற்றம் வந்தது. கவச வண்டிக்குள் ஏறி இறங்கும் வீரர்களுக்கு, தோட்டாவின் அடியைத் தட்டும் சுத்தியின் கொக்கி இடித்துச் சிக்கியது. ஆகவே அக்கொக்கியை அறுத்தெறிந்துவிட்டு, விசையை முழுவதுமாக இழுத்தே சுடும்படி செய்தனர். விசை கடினமாயிற்று, குறியின் துல்லியம் குறைந்தது. அதைப்பற்றி எவரும் பெரிதும் கவலைப்படவில்லை. ஏனெனில் இது தொலைவில் சுடுவதற்கான கருவியன்று. பத்துப் பதினைந்து கஜ தூரத்தில், வேறு வழியில்லாத நேரத்தில் பயன்படுத்துவது. உண்மையில் பெரும்பாலான அதிகாரிகளுக்கு அது ஆயுதம் என்பதினும் பதவியின் அடையாளமாகவே தோலுறையில் தொங்கிற்று.

அம்பு முத்திரை

இனி நாம் கருத வேண்டியது, அத்துப்பாக்கியின் உடலில் பொறிக்கப்பட்ட முத்திரை. ஆங்கிலேய அரசின் படைப்பொருள் அனைத்திலும் காகத்தின் காலடி போன்ற ஓர் அம்புக்குறி இருக்கும். 'இது சர்க்காருக்குச் சொந்தம்' என்பது அதன் பொருள். கூடாரத் துணி, குதிரைச் சேணம், துப்பாக்கி எல்லாவற்றிலும் அது உண்டு. இங்கிலாந்தின் சிறைக் கைதிகள் அணிந்த உடையிலும் அதே அம்புக்குறியைப் பொறித்திருந்தனர் என்பது எண்ணத்தக்கது.

படைக்கு வேண்டாத துப்பாக்கியை வெளியே விற்கும்போது, அந்த அம்புக்கு எதிர்முகமாக இன்னோர் அம்பைப் பொறிப்பார்கள். முனையோடு முனை பொருந்திய இரண்டு அம்புகளைக் கண்டால், முறைப்படி படையிலிருந்து விலக்கி விற்கப்பட்ட பொருள் என்று அறியலாம். இவ்வாறு விற்கப்பட்ட பழைய வெப்லிகள் கடல் கடந்து அமெரிக்கா வரை சென்றன. அங்கே அந்நாட்டுத் தோட்டா பொருந்தும்படி உருளையின் பின்பகுதியைச் சீவிப் பயன்படுத்தினார்கள். போர்க்கழிவு வணிகப் பொருளாயிற்று.

ஆனால் எல்லாத் துப்பாக்கிகளும் இவ்வண்ணம் ஒழுங்காகப் படையை விட்டு விலகுவதில்லை. தோற்ற படை ஓடும்போது எறிந்துவிட்டுப் போகும் ஆயுதத்தில் இரண்டாம் அம்பைப் பொறிக்க யார் இருக்கிறார்கள்?

காட்டில் விழுந்த ஆயுதங்கள்

1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியர் கோத்தபாருவில் கரையிறங்கினர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இடைப்பட்ட பத்து வாரங்களில் மலாயா முழுவதும் ஆங்கிலேயப் படை பின்வாங்கிக்கொண்டே வந்தது. சாலையோரங்களிலும் இரப்பர்க் காடுகளிலும் ஆயுதங்கள் சிதறிக் கிடந்தன. சிலிம் ஆற்றுப் போர்க்களம் போன்ற இடங்களில் அவற்றைப் பொறுக்கியெடுத்தவர்கள், சப்பானியரை எதிர்த்துக் காடு புகுந்த மக்கள் படையினர். மலாயாப் பொதுவுடைமைக் கட்சி நடத்திய அப்படைக்குப் பின்னர் ஆங்கிலேயரே வானிலிருந்து ஆயுதங்களை இறக்கிக் கொடுத்தனர்.

ஆங்கிலேயர் மீண்டு வந்ததும் அம்மக்கள் படையை 1945 டிசம்பரில் கலைத்தனர். ஆயுதத்தை ஒப்படைத்தவருக்கு 350 வெள்ளி வழங்கப்பட்டது. 5,497 ஆயுதங்கள் திரும்பி வந்தன. வராதவை காட்டு மண்ணிலே புதைந்திருந்தன. நேற்றுவரை 'வீரனின் ஆயுதம்' என்று கொண்டாடப்பெற்றது, அன்றுமுதல் 'மறைத்து வைத்த ஆயுதம்' எனப் பெயர் பெற்றது. இரும்பு அதேதான், அதை நோக்கும் கண் மாறிவிட்டது.

தம்பிக்கோட்டையிலிருந்து ராவாங் வரை

கணபதி சிறுவயதிலேயே சிங்கப்பூர் சென்றவர். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். போர் முடிந்தபின் தொழிற்சங்கப் பணியில் இறங்கினார். 1947இல் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சம்மேளனத்தில் தமிழரும் சீனரும் மலாய்க்காரருமாக 2,60,000க்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தனர். காலையில் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறும்வரை பால்மரம் வெட்டி, அற்பக் கூலி பெற்று, கங்காணியின் கடையில் கடன்பட்டுக் கிடந்த தோட்டத் தமிழனுக்கு, 'சங்கம்' என்ற சொல்லே புதிய காற்றாக இருந்த காலம் அது. கணபதி பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தவர். அதை அவர் மறைத்தவரல்லர்.

1948 ஜூனில் அச்சம்மேளனத்தை அரசு தடை செய்தது. அதே ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாள்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960இல் அது முடிவதற்குள் பொதுமக்களில் மட்டும் 2,400க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தோட்டத்துத் தமிழர் பலரும் இரண்டு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் நடுவே அகப்பட்டு அழிந்தனர். காட்டிலிருந்து வந்தவர்களின் கைத்துப்பாக்கி கங்காணியையும் கூலியையும் கொன்றதுண்டு. அச்சம் பொய்யன்று, அரசு சும்மா இருந்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் அரசு கொண்டுவந்த சட்டத்தின் தன்மையைப் பாருங்கள். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலும், தோட்டா மட்டும் வைத்திருந்தாலும், தண்டனை மரணம். 'மரணம் வரை விதிக்கலாம்' என்பதன்று. மரணம் தவிர வேறில்லை. சுட்டானா இல்லையா, எதற்காக வைத்திருந்தான், எப்படி அவன் கைக்கு வந்தது, முன்பு எப்படி வாழ்ந்தவன் என்ற எதுவும் தண்டனையைக் குறைக்காது. குற்றம் மெய்ப்பட்டால் நீதிபதியின் கை கட்டப்பட்டுவிடும்.

1949 மார்ச் முதல் நாள், சிலாங்கூர் மாநிலத்து ராவாங்கை அடுத்த வாட்டர்பால் தோட்டத்தருகே கணபதி பிடிபட்டார். அவரிடம் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் இருந்ததாக வழக்கு. ஆறு தோட்டா என்பது ஓர் உருளையை ஒருமுறை நிரப்பும் அளவு. கிடந்த துப்பாக்கியைக் கண்டெடுத்ததாகவும், அதைக் காவல்துறையிடம் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றதாகவும் அவர் தரப்பில் கூறப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிடிபட்ட அதே மாதத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

செய்தி அறிந்து சென்னை மாகாணம் கலங்கியது. இந்திய அரசு தண்டனையைக் குறைக்குமாறு வேண்டிக்கொண்டது. பிரதமர் நேருவும், இலண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனனும், மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்த ஜான் திவியும் முயன்றனர். உலகத் தொழிற்சங்கங்களும் குரல் கொடுத்தன. பயனில்லை. பிடிபட்ட நாளிலிருந்து அறுபத்தைந்தாம் நாள் அவர் உயிர் போயிற்று. அதற்கு முந்தின நாள், சிங்கப்பூர்த் தொழிற்சங்கத் தலைவராக விளங்கிய வீரசேனன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மலாயாவிலிருந்து தஞ்சைக்குத் திரும்பி உழவர் இயக்கத்தில் ஈடுபட்ட வாட்டாக்குடி இரணியனும், ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1950 மே 5ஆம் நாள், நம் மாவட்டத்திலேயே போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். கடைமடை ஊர்களில் மே மாதத் தொடக்கம் இன்றும் நினைவுகூரப்படுவது இதனால்தான்.

காலம் கிடைத்தவனும் கிடைக்காதவனும்

இதே சட்டத்தின் கீழ் இன்னொரு தமிழரும் மரண தண்டனை பெற்றார். பெயர் சாம்பசிவம். 1948 செப்டம்பரில் ஜொகூர் மாநிலத்தில் நடந்த கைகலப்பில் படுகாயமுற்றுப் பிடிபட்டவர். துப்பாக்கி வைத்திருந்ததாக ஒரு குற்றச்சாட்டு; பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்ததாக மற்றொரு குற்றச்சாட்டு. தோட்டாவைப் பற்றிய குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுதலை பெற்றார். துப்பாக்கியைப் பற்றிய குற்றச்சாட்டு மட்டும் மறுபடி விசாரணைக்கு வந்து, அதிலே மரண தண்டனை விதிக்கப்பட்டது.

ஆனால் அவருடைய வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை செல்லக் காலம் கிடைத்தது. 1950இல் அங்கே ஒரு நுட்பமான கேள்வி எழுந்தது. துப்பாக்கியும் தோட்டாவும் இரண்டுமே தன்னிடம் இருந்ததாக அவர் ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படும் ஒரே வாக்குமூலத்தைக் கொண்டே அவரைத் தண்டித்தார்கள். அவ்வாக்குமூலத்தின் ஒரு பாதியைப் பற்றி அவர் ஏற்கெனவே குற்றமற்றவர் எனத் தீர்ப்பாகியிருந்தது. நீதிபதிக்குத் துணையாக அமர்ந்த அசெசர்களுக்கு அதை எடுத்துச் சொல்லவில்லை. ஒருவன் குற்றமற்றவன் என்று ஒருமுறை தீர்ந்துவிட்டால், அத்தீர்ப்பு முழுமையாக அவனைக் காக்க வேண்டும். அதை அரைகுறையாக மதிக்க முடியாது என்று பிரிவி கவுன்சில் கூறித் தண்டனையை நீக்கியது. அத்தீர்ப்பு இன்றளவும் பல நாட்டு நீதிமன்றங்களில், நம் நாட்டு நீதிமன்றங்களிலும், எடுத்தாளப்படுகிறது.

ஒரே சட்டம், ஒரே வகைக் குற்றச்சாட்டு, இருவரும் தமிழர். ஒருவர் பிழைத்தார், ஒருவர் மாண்டார். சாம்பசிவத்துக்குக் கிடைத்த தீர்ப்பு கணபதிக்கும் கிடைத்திருக்கும் என்று நாம் உறுதி கூறவில்லை. இரண்டு வழக்குகளின் உள்விவரங்கள் வேறு. ஆனால் தவறு நேர்ந்ததா என்று திரும்பிப் பார்ப்பதற்குரிய காலம் ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்கு அறுபத்தைந்து நாள்களே கிடைத்தன என்பது மறுக்கவியலாத உண்மை. தூக்குக் கயிற்றை அறுத்து மறுவிசாரணை நடத்த முடியாது.

சட்டம் கற்ற பாடம்

அவசரகாலம் 1960இல் முடிந்தது. அதற்குள் 226 பேர் தூக்கிலிடப்பட்டிருந்தனர். அவசரகாலம் போயினும் அதன் நிழல் போகவில்லை. அவ்வாண்டு மலாயா இயற்றிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு வட்டாரங்களில் துப்பாக்கி வைத்திருப்போருக்கு மரணத்தையே விதித்தது. 2012இல் அச்சட்டம் நீங்கியது. 2023ஆம் ஆண்டு மலேசியா கட்டாய மரண தண்டனை என்ற முறையையே கைவிட்டு, தண்டனையைத் தேரும் பொறுப்பை நீதிபதியிடம் ஒப்படைத்தது. கணபதி மாண்டு 74 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் தூக்கிலிடப்பட்ட புடு சிறை 1996இல் மூடப்பட்டு, பின் இடிக்கப்பட்டு, இன்று அவ்விடத்தில் பெரும் அங்காடி நிற்கிறது.

நம் நாடும் இப்பாடத்தைப் பயில வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் 1878இல் இயற்றிய ஆயுதச் சட்டம், இந்தியன் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. விடுதலைக்குப் பின் 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. படைக்குரிய .38, .455 முதலிய அளவுகள் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டன. அதனால்தான் பழைய வெப்லி .38இன் அமைப்பையே .32 அளவிற்குச் சுருக்கிக் கான்பூர் ஆயுதசாலையில் செய்து உரிமம் பெற்றவர்களுக்கு விற்கிறார்கள். 1988இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு திருத்தம், விலக்கப்பட்ட ஆயுதத்தைப் பயன்படுத்தி உயிர்ப்பலி நேர்ந்தால் மரண தண்டனை கட்டாயம் என்றது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதனை அரசியல் சட்டத்துக்கு மாறானது எனத் தள்ளிவிட்டது. உயிரைப் பறிக்கும் தீர்ப்பில் நீதிபதிக்கு எண்ணிப் பார்க்க இடமில்லையென்றால் அது நீதியாகாது என்பதே அதன் சாரம்.

துப்பாக்கியைச் செய்த தொழிலாளி அதில் எத்தனையோ காப்புகளை வைத்தான். ஒரு தோட்டா பொய்த்தால் அடுத்தது வர உருளை வைத்தான். கைநழுவினால் விழாதிருக்க வளையம் வைத்தான். படையை விட்டு விலகினால் அடையாளம் தெரிய இரண்டாம் அம்பு பொறித்தான். பிழை நேரக்கூடும் என்பதை அவன் அறிந்திருந்தான். அவனுக்கு இருந்த அவ்வறிவு, அத்துப்பாக்கியைக் கண்டு அஞ்சிச் சட்டம் எழுதியவர்களுக்கு இல்லாமற் போயிற்று. தாமும் பிழைசெய்யக்கூடும் என்று எண்ணாத சட்டம், எந்தத் துப்பாக்கியிலும் கொடிது.

கீழவாசல் பீரங்கியை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அத்துடன் தம்பிக்கோட்டைக் கணபதியின் கதையையும் சொல்லிவைப்போம். அவருடைய கொள்கை நமக்கு உடன்பாடாகலாம், ஆகாமலும் போகலாம். கடல் கடந்து பிழைக்கப்போன கடைமடை மக்களின் கூலிக்காகப் பேசிய ஒரு வாய், ஆறு தோட்டாக்களின் பேரால் அடைக்கப்பட்டது என்பதை மறத்தல் மட்டும் நமக்கு அழகன்று.